நிற்கும் கப்பல் எந்தப் பக்கம் பார்க்கிறது?

நம் சங்க இதழின் ஆசிரியர் குழுவினர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ரயில்வே அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்பது வழக்கம். இந்த முறை உட்கார்ந்து எழுதியும் விட்டேன். ஆனால் எழுதியது ரயிலைப் பற்றி அல்ல, கப்பலைப் பற்றி. அதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா தூத்துக்குடியில் இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலி ஒன்றை யாரோ புண்ணியவான் அவள் போனில் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. 2024 ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன், போன் வந்தது.

"தம்பி, அவன் கப்பல் உங்க ஊர்ப் பக்கம்தான் நிக்குது. சாகர்னு போட்டிருக்கு. காலையில பார்த்தப்ப தெக்கே மூக்கை வச்சுக்கிட்டு நின்னுது. இப்பப் பார்த்தா வடக்கே பார்க்குது. எதுவும் கோளாறா? திரும்பிட்டானா?"

இதற்கு எனக்குப் பதில் தெரியும். நாற்பது வருஷத்துக்கு மேல் ஹூக்ளிக் கரையில் இருக்கிறவனுக்கு ஜோயார், பாட்டா என்று வங்காளிகள் சொல்லும் ஏற்றமும் வற்றமும் தெரியாமல் இருக்குமா? நங்கூரம் மூக்குப் பக்கத்திலிருந்து இறங்குகிறது. ஆகவே நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ, அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டுதான் கப்பல் நிற்கும். கடல் நீர் உள்ளே ஏறும்போது தெற்கே பார்க்கும், வற்றும்போது வடக்கே பார்க்கும். ஆறு மணிக்கு ஒருதரம் சுழலும். "ஹால்தியாவில் இடம் கிடைக்கக் காத்திருக்கிறான் அக்கா, பயப்படாதே" என்றேன்.

அவள் சமாதானம் ஆனாள். ஆனால் வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாள். "சரி தம்பி, எங்கே நிக்குதுன்னு செயற்கைக்கோள் சொல்லும், ஒத்துக்கிடுதேன். நிக்கிற கப்பல் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு யார் சொன்னது?"

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கேட்ட கேள்விக்கு, சிவில் என்ஜினியரிங் டிப்ளமோ படித்து, நாற்பது வருஷம் ரயில்வேயில் அளவெடுத்தே காலம் கழித்தவனுக்கு விடை தெரியவில்லை. அன்று முழுவதும் அதே யோசனையாக இருந்தது.

எனக்கு ஏன் தெரியவில்லை என்பதற்கு ஒரு சாக்கு உண்டு. ரயிலில் இந்தப் பிரச்சினையே கிடையாது. என்ஜின் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம்தான் போகும். திசையைத் தண்டவாளம் பார்த்துக்கொள்ளும். டிரைவரிடம் திருப்புவதற்குச் சக்கரம் கிடையாது என்பதை இன்றும் பல குழந்தைகள் நம்ப மறுக்கிறார்கள். முகம் பார்ப்பது ஒரு பக்கம், உடம்பு போவது வேறு பக்கம் என்ற நிலை ரயிலுக்கு வந்தால் அதற்குப் பெயர் விபத்து. கப்பலுக்கோ அதுதான் அன்றாட வாழ்க்கை.

இதை நீங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். ஹௌரா ஸ்டேஷனில் இறங்கி ஃபேர்லி காட்டுக்கு லஞ்சில் போகிறோம் அல்லவா? ஆறு வேகமாக வற்றுகிற நேரத்தில், லஞ்சுக்காரர் எதிர்க்கரையைப் பார்த்து மூக்கை வைக்கமாட்டார். ஹௌரா பாலத்தைப் பார்த்துச் சாய்வாக வைப்பார். ஏதோ வடக்கே கூட்டிப்போகிறாரே என்று புதிதாக வந்தவர்களுக்குத் தோன்றும். ஆனால் லஞ்ச் நண்டு நடக்கிற மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, நேரே ஃபேர்லியில் போய் ஒட்டும். மூக்கு நேராக வைத்திருந்தால் நீரோட்டம் இழுத்துத் தெற்கே கொண்டுபோய் விட்டிருக்கும்.

மூக்கு பார்க்கும் திசையை மாலுமிகள் ஹெடிங் என்கிறார்கள். தரையை வைத்துப் பார்த்தால் கப்பல் உண்மையில் நகரும் திசைக்கு கோர்ஸ் என்று பெயர். நான் முதலாவதை முகத்திசை என்றும் இரண்டாவதைத் தடத்திசை என்றும் எழுதுகிறேன். ஒரு கப்பல் மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் போகிறது, பக்கவாட்டில் 2 கடல் மைல் வேகத்தில் நீரோட்டம் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்கும் தடத்துக்கும் 11 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். கவனிக்காமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் கப்பல் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் கிலோமீட்டர் ஒதுங்கிப் போயிருக்கும். கடலின் நடுவில் அது பெரிய விஷயமில்லை. நம் ஹூக்ளியில், இரண்டு மணல் திட்டுகளுக்கு நடுவே ஒரு வாய்க்கால் அளவு ஆழத்தில் வரும்போது அதுதான் எல்லாமும். கடல் முகத்திலிருந்து கல்கத்தா (எனக்கு இன்னும் அப்படித்தான் வாயில் வருகிறது) வரை 200 கிலோமீட்டருக்கு மேல் பைலட் துணையோடு வரவேண்டிய ஆறு இது.

அந்த செப்டம்பரில் அக்கா மகன் கப்பலை விட்டு இறங்கி, ஊருக்குப் போகும் வழியில் லேக் மார்க்கெட்டில் எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினான். இட்லியை இலையில் வைத்த உடனே நான் ஆரம்பித்துவிட்டேன். "மாமா, சாப்பிட விடுங்க" என்றான். பிறகு அவன் சொன்னதையும், நான் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழைய வழிகள். காந்தத் திசைகாட்டி எல்லோருக்கும் தெரியும். அதில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, காந்த ஊசி காட்டும் வடக்கும் பூமியின் உண்மை வடக்கும் ஒன்றல்ல. நம் வங்காள விரிகுடாவில் வித்தியாசம் மிகக் குறைவு. நியூயார்க் பக்கம் போனால் 12, 13 டிகிரி ஆகிவிடும். இரண்டாவது, கப்பலே ஒரு பெரிய இரும்பு. அது ஊசியைத் தன் பக்கம் இழுக்கும். இதைச் சரிக்கட்டத் திசைகாட்டிக்கு இரண்டு பக்கமும் இரும்புக் குண்டுகள் வைக்கும் முறையை 1870-களில் கெல்வின் பிரபு கொண்டுவந்தார். பழைய கப்பல் படங்களில் திசைகாட்டிப் பீடத்தின் இரண்டு தோள்களிலும் தேங்காய் மாதிரி இருக்குமே, அதுதான். உங்கள் போனில் வடக்குக் காட்டுவதும் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் காந்த உணர்விதான். இரும்புப் பாலத்தின் மேல் நின்று அதைப் பாருங்கள், இஷ்டத்துக்கு ஆடும்.

அடுத்தது கைரோ. வேகமாகச் சுழலும் சக்கரம் ஒன்றை, பூமியின் சுழற்சியையே பயன்படுத்தி, உண்மை வடக்கைப் பார்த்து நிற்க வைக்கும் கருவி. ஜெர்மனியில் அன்ஷூட்ஸ் 1908-லும், அமெரிக்காவில் ஸ்பெர்ரி 1911-லும் கப்பலில் ஏற்றிக் காட்டினார்கள். அற்புதமான கருவி. இரும்பும் காந்தமும் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் விலை அதிகம், பராமரிப்பு உண்டு, சுவிட்ச் போட்ட பிறகு நிலைகொள்ளப் பல மணி நேரம் ஆகும். துருவங்களை நெருங்க நெருங்கத் தடுமாறும். சின்னக் கப்பலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் கட்டுப்படியாகாது.

இந்த இடத்தில்தான் செயற்கைக்கோள் வருகிறது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் 'இப்போது மணி இன்னது' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சொல் வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நம் கருவி கணக்குப் போடுகிறது. நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். சில மீட்டர் பிழை இருக்கும்.

ஆனால் தெரிவது இடம் மட்டும்தான். ஒரு புள்ளி. புள்ளிக்கு முகமும் இல்லை, முதுகும் இல்லை. கப்பல் நகர்ந்தால், அடுத்தடுத்த புள்ளிகளைச் சேர்த்துத் தடத்திசையைச் சொல்லிவிடலாம். நின்றுவிட்டால் அதுவும் போச்சு. நங்கூரம் போட்ட கப்பலின் தடத்திசையை அந்தச் செயலியில் பாருங்கள், ஒரு நிமிடம் கிழக்கு, அடுத்த நிமிடம் தென்மேற்கு என்று பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றும். அது கப்பல் சுற்றுவதல்ல. சில மீட்டர் பிழைக்குள் புள்ளி துள்ளுகிறது, கருவி அதை நகர்வு என்று நம்பிவிடுகிறது.

அப்படியானால் முகத்திசைக்கு வழி என்ன? சர்வே வேலை செய்தவர்களுக்கு இது பாலபாடம். ஒரு கோட்டின் திசை வேண்டுமென்றால் இரண்டு ஆணி அடிக்க வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு ஆன்டெனா வைத்து, இரண்டின் இடத்தையும் கண்டுபிடித்தால், பின்னாலிருந்து முன்னால் போகும் கோடுதான் முகத்திசை.

இதை அவன் சொன்னபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏம்ப்பா, ஒவ்வொரு ஆன்டெனாவின் இடத்திலும் சில மீட்டர் பிழை என்கிறாய். இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டர்தான் தூரம் என்கிறாய். ஆணி அடித்த இடமே மூன்று மீட்டர் தள்ளிப் போகுமென்றால் கோடு எங்கே போகும்? முன்னால் இருப்பது பின்னால் இருப்பதாகக்கூடத் தெரியுமே?" என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "அதுதான் மாமா சூட்சுமம்" என்றான்.

சூட்சுமம் இரண்டு படியாக இருக்கிறது. முதல் படி எளிது. பிழைகளில் பெரும்பாலானவை இரண்டு ஆன்டெனாவுக்கும் பொது. செயற்கைக்கோள் கடிகாரம் தவறினால் இரண்டுக்கும் ஒரே தவறு. சிக்னல் காற்று மண்டலத்தில் தாமதப்பட்டால் இரண்டுக்கும் ஒரே தாமதம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பொதுப் பிழை அடிபட்டுப் போகும். தேய்ந்துபோன டேப்பால் இரண்டு பேரின் உயரத்தை அளந்தாலும், யார் எவ்வளவு உயரம் அதிகம் என்பது அநேகமாகச் சரியாக வந்துவிடுகிற மாதிரி. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா, பொதுமக்கள் பயன்படுத்தும் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து, இடம் 100 மீட்டர் வரை தவறும்படி வைத்திருந்தது. 1990-களில் வந்த திசை காணும் கருவிகள் அந்தக் காலத்திலேயே வேலை செய்தன என்றால், அந்தப் பிழையும் இரண்டு ஆன்டெனாவுக்கும் பொது என்பதுதான் காரணம்.

இரண்டாவது படி கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டியது. மணி சொல்லும் செய்தி, ஒரு ரேடியோ அலையின் மேல் ஏறி வருகிறது. பாசஞ்சர் வண்டியில் பயணிகள் ஏறி வருவதுபோல. சாதாரணக் கருவி பயணிகளை மட்டும் கவனிக்கிறது. இந்தக் கருவி வண்டியையே, அதாவது அந்த அலையையே அளக்கிறது. அந்த அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை 19 சென்டிமீட்டர். அலை இப்போது ஏறுகிறதா, இறங்குகிறதா, முகட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைச் சில மில்லிமீட்டர் சுத்தமாகக் கருவியால் சொல்ல முடியும். மீட்டர் கணக்கிலிருந்த பிழை மில்லிமீட்டர் கணக்குக்கு வந்துவிட்டது.

செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஆன்டெனாவுக்கும் அலை இணைகோடாகத்தான் வரும். செயற்கைக்கோள், இரண்டையும் சேர்க்கும் கோட்டுக்குச் சரியாகப் பக்கவாட்டில் இருந்தால், அலை இரண்டையும் ஒரே சமயத்தில் தொடும். கோட்டுக்கு நேர் எதிரே இருந்தால், முன்னால் இருப்பதைத் தொட்டுவிட்டு ஒரு மீட்டர் கூடுதலாக நடந்து பின்னால் இருப்பதைத் தொடும். நடுவில் எங்காவது இருந்தால் வித்தியாசமும் நடுவில் இருக்கும். வித்தியாசம் 50 சென்டிமீட்டர் என்றால், கோட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையே 60 டிகிரி. செயற்கைக்கோள் வானத்தில் எங்கே இருக்கிறது என்பது கருவிக்கு முன்பே தெரியும். ஆகவே கோடு எப்படிக் கிடக்கிறது என்பது வந்துவிடும். ஒன்று போதாது, பல செயற்கைக்கோள்களின் கணக்கு ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் விடை நிற்கும்.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. அலைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ரயில்வேக்காரன் பாஷையில் சொல்கிறேன். ராத்திரி லைனில் நடக்கும்போது, இந்த ஸ்லீப்பரிலிருந்து நான் எத்தனை விரல் தள்ளி நிற்கிறேன் என்று டார்ச் அடித்துச் சொல்லிவிடலாம். ஆனால் இது எத்தனையாவது ஸ்லீப்பர்? எல்லா ஸ்லீப்பரும் ஒரே முகம். அதேபோல், வித்தியாசம் 50 சென்டிமீட்டர் என்றால் அது இரண்டு முழு அலை (38), மேலே 12. கருவிக்குத் தெரிவது அந்த 12 மட்டும். உண்மை 12-ஆகவும் இருக்கலாம், 31-ஆகவும் 50-ஆகவும் 69-ஆகவும் 88-ஆகவும் இருக்கலாம். எதிர்ப்பக்கமாக இன்னும் ஐந்து. ஆக ஒரு செயற்கைக்கோளுக்குப் பத்து சாத்தியம். ஐந்து செயற்கைக்கோளுக்கு ஒரு லட்சம்.

இந்த லட்சத்தில் உண்மை ஒன்றுதான். அதைப் பிடிக்கக் கருவிக்கு ஒரு பெரிய உதவி இருக்கிறது. இரண்டு ஆன்டெனாவும் ஒரே சட்டத்தில் இறுக்கப்பட்டிருக்கின்றன, அவற்றுக்கிடையே உள்ள தூரம் மாறவே மாறாது. எந்தச் சாத்தியத்தை எடுத்தாலும், இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே சரியாக அந்தத் தூரம் வரவேண்டும், எல்லாச் செயற்கைக்கோளுக்கும் ஒரே கோடு பொருந்த வேண்டும். பொருந்தாததையெல்லாம் கருவி அடித்துக்கொண்டே வரும். கடைசியில் ஒன்று நிற்கும். கைரோ நிலைகொள்ளப் பல மணி நேரம் என்றேனே, இது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது.

சரி, எவ்வளவு சுத்தம்? இதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மீட்டர் கோட்டின் நுனி 5 மில்லிமீட்டர் விலகினால் 0.3 டிகிரி பிழை. அரை மீட்டர் கோட்டில் அதே விலகல் இரட்டிப்பு, சுமார் 0.6. இரண்டு மீட்டரானால் பாதி. வளைவில் தண்டவாளத்தின் குழிவை அளக்க நாங்கள் 20 மீட்டர் கயிறு பிடிப்போமே தவிர, 2 மீட்டர் கயிறு பிடிக்கமாட்டோம். அதே நியாயம்தான். நீளத்தைக் கூட்டினால் பிழை குறையும், ஆனால் அலை எண்ணிக்கை கூடி முடிச்சு பெரிதாகும். ஆகவே படகுக்கு அரை மீட்டர், பெரிய கப்பலுக்கு ஒரு மீட்டருக்கு மேல் என்று ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறார்கள்.

அரை டிகிரி என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 180 மீட்டர் கப்பலின் ஒரு நுனியை அசையாமல் பிடித்துக்கொண்டு ஒரு டிகிரி திருப்பினால், மறு நுனி மூன்று மீட்டருக்கு மேல் நகரும். ஹால்தியாவின் லாக் கேட்டுக்குள் கப்பலை நுழைக்கும்போது மூன்று மீட்டர் என்றால் என்ன என்பதை அந்த பைலட்டிடம்தான் கேட்க வேண்டும்.

பொருத்துகிறவர் கையிலும் கொஞ்சம் இருக்கிறது. சட்டத்தைக் கப்பலின் நடுக்கோட்டுக்கு இணையாக வைக்க வேண்டும். ஒரு டிகிரி கோணலாக முடுக்கிவிட்டால், கருவி ஆயுசுக்கும் அந்த ஒரு டிகிரியை மிகச் சுத்தமாகத் தவறாகவே சொல்லிக்கொண்டிருக்கும். துறைமுகச் சுவரோடு கப்பலை ஒட்டிக் கட்டியிருக்கும்போது, வரைபடத்தில் அந்தச் சுவரின் திசையைப் பார்த்து ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கருவிக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம். என் சர்வீசில் மட்டக்கருவியையே மட்டம் பார்க்காமல் வேலையை ஆரம்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதைக் கேட்டதும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

மூன்றாவதாக ஓர் ஆன்டெனா சேர்த்தால், கப்பல் எவ்வளவு சாய்ந்து ஆடுகிறது என்பதும் தெரிந்துவிடும். பாலத்துக்கு அடியில் போகும்போது வானம் மறைந்தால் சமாளிக்க, உள்ளே சின்னச் சுழற்சி உணர்விகளும் உண்டு. சில நிமிடங்கள் அவை தாக்குப்பிடிக்கும். புகைபோக்கிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்கக்கூடாது. அதன் மேல் பட்டுத் திரும்பி வரும் அலை கணக்கைக் குழப்பும்.

2002 ஜூலை முதல் அமலுக்கு வந்த சர்வதேச விதிப்படி, 300 டன் அளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் முகத்திசையை ரேடாருக்கும் மற்றக் கருவிகளுக்கும் அனுப்பும் சாதனம் ஒன்று இருக்க வேண்டும். செயற்கைக்கோள் திசைகாட்டி அந்த வேலைக்குத் தகும். 500 டன்னிலிருந்து கைரோ கட்டாயம். அக்கா மகன் கப்பலில் கைரோவும் உண்டு, துணைக்கு இதுவும் உண்டு. ஆக, அக்காவின் கேள்விக்கு விடை: கப்பலே தன் முகத்திசையை அளந்து, இடத்தோடு சேர்த்து ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கிறது, செயலி அதை வாங்கிப் படம் போடுகிறது.

முகத்திசை தெரிந்தால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1995 ஜூன் 9-ஆம் தேதி ராயல் மெஜஸ்டி என்ற உல்லாசக் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குப் புறப்பட்டது. கப்பலில் 1,509 பேர். கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே ஜி.பி.எஸ். ஆன்டெனாவின் கேபிள் கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை. கைரோ சொல்லும் முகத்திசையையும், வேகத்தையும் வைத்துக்கொண்டு, 'இந்நேரம் இங்கேதான் இருக்க வேண்டும்' என்று ஊகித்து இடத்தைப் போட ஆரம்பித்தது. திரையில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் அதைச் சொல்லவும் செய்தது. யாரும் பார்க்கவில்லை. கிழக்கு, வடகிழக்கிலிருந்து வீசிய காற்றும் அலையும் கப்பலை மெல்ல மேற்கே தள்ளிக்கொண்டிருந்தன. முகம் சரியாக இருந்தது, தடம் தவறியது. 34 மணி நேரம் இப்படியே போய், ஜூன் 10 இரவு நான்டக்கெட் தீவுக்குக் கிழக்கே மணல் திட்டில் ஏறி நின்றது. இருப்பதாக நினைத்த இடத்திலிருந்து 17 மைல் தள்ளி! உயிர்ச்சேதம் இல்லை. லோரான் என்ற இன்னொரு கருவி சரியான இடத்தைக் காட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தது. அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இதைக் கேட்டபோது நான் அக்கா மகனிடம் கடுமையாகவே கேட்டேன், "நீங்கள் இப்போது பார்க்கிறீர்களா?" "பார்க்கிறோம் மாமா. தரை தெரிந்தால் தரையைப் பார்த்து, ரேடாரைப் பார்த்து, இரவில் நட்சத்திரத்தைக்கூடப் பார்த்து" என்றான். நான் நம்பினேன், பாதி.

மீதிப் பாதிக்கு 2025 ஜூன் வந்தது. இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் சண்டை மூண்ட நாட்கள். அவன் கப்பல் பாரசீக வளைகுடாவில் இருந்தது. ராத்திரி பதினொன்றரை மணிக்கு அக்காவின் போன். பேச்சே வரவில்லை. "தம்பி, கப்பல் தரையில இருக்கு. பாலைவனத்துல நிக்குது."

நானும் பார்த்தேன். உண்மைதான். அவன் கப்பல் மட்டுமல்ல, ஏராளமான கப்பல்களின் அடையாளங்கள் நிலத்தின் மேல் கூட்டமாகக் கிடந்தன. சில, கடலில் ஒரே நேர்கோட்டில் வெட்டி வெட்டித் தாவின. அந்த நாட்களில் வளைகுடாவிலும் ஹோர்முஸ் ஜலசந்தியிலும் செயற்கைக்கோள் சிக்னலைக் குலைத்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான கப்பல்கள் தங்கள் இடத்தைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தன. 2017 ஜூனில் கருங்கடலிலும் இதுபோல் நடந்தது. கடலில் இருந்த கப்பல்கள், கரைக்கு உள்ளே இருக்கும் கெலென்ஜிக் விமான நிலையத்தில் நிற்பதாகத் தங்கள் கருவியில் பார்த்தன. இதையெல்லாம் நான் அக்காவிடம் சொன்னேன். தரையில் நிற்பது புள்ளிதான், கப்பல் இல்லை என்றேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். புள்ளி பொய் என்றால் உண்மை எங்கே?

மூன்றாம் நாள் அவனே பேசினான். கடலில் வெறும் இரைச்சலைப் பரப்பி அமுக்கினால், செயற்கைக்கோள் திசைகாட்டியும் சில நிமிடங்களில் கைவிரித்துவிடும். வானம் தெரியாதபோது அது வெறும் சட்டம். கள்ள சிக்னல் அனுப்பி ஏமாற்றுவது வேறு வகை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒற்றை ஆன்டெனா ஏமாந்துவிடும். ஆனால் உண்மையான செயற்கைக்கோள்கள் வானத்தில் எட்டுத் திசையிலும் இருக்கின்றன. கள்ள சிக்னலோ கரையில் ஒரே இடத்திலிருந்து வருகிறது. இரண்டு ஆன்டெனாவின் அலை வித்தியாசத்தைப் பார்த்தால், எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே மூலையில் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு வரும். எந்தக் கோடும் பொருந்தாது. அப்போது இது பொய் என்று கண்டுகொள்ள வழி இருக்கிறது. அந்த மூன்று நாளும் அவர்கள் கைரோவில் முகத்திசை பார்த்து, ரேடாரில் கரையையும் மற்றக் கப்பல்களையும் பார்த்து ஓட்டினார்களாம். மேல்தளத்தில் கெல்வின் காலத்து இரும்புக் குண்டுகளோடு காந்தத் திசைகாட்டியும் இருந்தது. எந்த அளவுக் கப்பலானாலும் அது இருந்தே ஆகவேண்டும் என்பது விதி. அதற்குக் கரண்டும் வேண்டாம், வானமும் வேண்டாம்.

நம்மில் பலர் வீட்டுப் பிள்ளைகள் கப்பலில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வார்த்தை. செயலியில் முகத்திசை, தடத்திசை இரண்டும் தனித்தனியாக எழுதியிருக்கும். நங்கூரத்தில் நிற்கும்போது முகத்திசையை மட்டும் பாருங்கள். சில கப்பல்களில் முகத்திசை 511 என்று இருக்கும். 511 டிகிரி என்று ஒரு திசை கிடையாது, தகவல் இல்லை என்பதற்கு அந்த எண். புள்ளி தரையில் ஏறினால், பக்கத்துக் கப்பல்களையும் பாருங்கள்; அவையும் ஏறியிருந்தால் சிக்னல் கோளாறு.

அக்காவுக்கு இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன். போன வாரம் பேசினாள். கப்பல் டர்பனை நெருங்குகிறதாம். "மூக்கு ஒரு பக்கம், போறது ஒரு பக்கம் தம்பி, எட்டு டிகிரி சாஞ்சு போறான். அங்கே நீரோட்டம் ஜாஸ்தியோ?" என்றாள்.